மண்டையில அடி, வாயில மரியாதை

தலையில அடிபட்டவங்களைப் பார்த்துக்கறது பெரிய வேலையே இல்லைங்க, அடியே படலைன்னு சத்தியம் பண்றவங்களைப் பார்த்துக்கறதுதான் எங்க தொழில்.

நான் திருவிடந்தை பக்கம் ரோட்டோரமா இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரியில கேஷுவாலிட்டி நர்ஸ். ஈ.சி.ஆர். ரோட்டுல பைக்கோட விழறவங்க, கடற்கரையில விழறவங்க, மகாபலிபுரம் பாறையிலேர்ந்து விழறவங்க, யாரா இருந்தாலும் அடுத்து எங்க ஸ்ட்ரெச்சர்லதான் விழணும். கை ஒடிஞ்சா கை தொங்கும், கால் ஒடிஞ்சா கால் வீங்கும். இந்த கன்கஷன்னு சொல்ற மூளை அதிர்ச்சி மட்டும் வெளியில ஒண்ணும் காட்டாது. ஆளு நடந்து வருவான், டீ குடிப்பான், 'நான் நல்லாத்தான் இருக்கேன்'னு சொல்வான். எக்ஸ்ரேல தெரியாது, பல நேரம் ஸ்கேன்லயும் தெரியாது. அவன் பேச்சுலயும் நடத்தையிலயும்தான் தேடிப் பிடிக்கணும். உங்க வீட்லயும் பைக்லேர்ந்து விழுந்துட்டு, சட்டையைத் தட்டிக்கிட்டு, 'ஒண்ணுமில்ல'ன்னு உள்ள வந்த மகராசன் ஒருத்தர் இருப்பாரு. அதனால என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

இதை இப்ப ஏன் எழுதறேன்னா, எங்க வீட்டுக்காரர் ஏழுமலை எனக்கு எதிர்ல கட்டில்ல படுத்திருக்காரு. ஸ்கேன் வசதி வேணும்னு செங்கல்பட்டுல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன். மீன்பிடி போட்டோட விளிம்பு அவரு மண்டையில அடிச்சிருச்சு. ரத்தக் கசிவு இல்லைன்னு ஸ்கேன்ல சொல்லிட்டாங்க. ஆனா அவருக்கு என்னை அடையாளம் தெரியலை. கல்யாணம் ஆனதுலேர்ந்து என்னை 'இன்னாமே'ன்னு மட்டுமே கூப்பிட்ட மனுஷன், இப்ப 'சிஸ்டர், கொஞ்சம் தண்ணி குடுங்க'ன்றாரு. தூங்கி எழுந்தா தெளியும், தெளியலைன்னா மறுபடியும் ஸ்கேன் எடுப்போம்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிருக்காரு. மத்தியான வெயில் ஜன்னல் வழியா அவரு கால் மேல விழுது. சும்மா உக்காந்திருந்தா அழுதுடுவேன். அதான் எழுதறேன்.

ரத்தம் எங்க?

எங்க பக்கத்துல ஒரு சட்டம் உண்டு. ரத்தம் வந்தா அடி, வரலைன்னா நடிப்பு.

ஒரு நாள் கோவளம் முனையில ஒரே பைக்லேர்ந்து ரெண்டு பேரு விழுந்தாங்க. பின்னாடி உக்காந்தவனுக்கு நெத்தியில சின்னக் கிழிசல். நெத்தித் தோல் கிழிஞ்சா ரத்தம் கொட்டும், பார்க்கறவங்களுக்கு உயிரே போயிடும், ஆனா தையல் போட்டா முடிஞ்சுது. அவனுக்கு காபித்தூளை அப்பி, அது மேல மஞ்சளை அப்பி, ஷேர் ஆட்டோ நிறைய ஜனம் ஏறி வந்துட்டாங்க. காயத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே எனக்கு நேரமாச்சு, அவ்வளவு காபித்தூள்.

வண்டி ஓட்டினவன் ஓரமா பெஞ்சுல உக்காந்திருந்தான். ஹெல்மெட்டை முழங்கையில மாட்டிக்கிட்டு ஓட்டியிருக்கான், முழங்கைக்கு ஒரு கீறல்கூட இல்லை. 'வண்டி எங்க சிஸ்டர்?'னு கேட்டான். போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்குதுன்னேன். தலையாட்டினான். கொஞ்ச நேரம் கழிச்சு, 'வண்டி எங்க சிஸ்டர்?' அதே குரல், அதே முகம், முதல் தடவை கேக்கற மாதிரி. மறுபடியும் கேட்டதும் காபித்தூளை அப்படியே விட்டுட்டு இவனைப் படுக்க வெச்சேன். ஷேர் ஆட்டோ கூட்டம் மொத்தமும் என் மேல பாஞ்சுது. அதுல ஒருத்தர் ரொம்பப் பொறுமையா எனக்குப் புரிய வெச்சாரு: "அவனுக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர், டியூ கட்டுற வண்டி, நல்லா இருக்கும்போதே அப்டித்தான் கேட்டுகினு இருப்பான்."

கிழமை தெரியாத ஊர்

மூளை கலங்கியிருக்கான்னு பார்க்க சில கேள்விகள் வெச்சிருக்கோம். இன்னிக்கு என்ன கிழமை, இது எந்த இடம், காலையில என்ன சாப்ட்டீங்க. கேள்வியை உண்டாக்கினவங்க நம்ம ஊருக்கு வந்ததே இல்லைன்னு நினைக்கறேன்.

சிறுசேரியில சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற ஒருத்தர் அலைச்சறுக்கு கத்துக்க வந்து, பலகை மண்டையில அடிச்சு வந்தாரு. கிழமையைக் கேட்டேன். பாக்கெட்லேர்ந்து போனை எடுத்தாரு. போனைப் பார்க்காம சொல்லுங்கன்னேன். போனைப் பார்க்காம எப்படி சிஸ்டர் கிழமை தெரியும்னு என்னையே கேட்டாரு. இதைக் குழப்பம்னு எழுதறதா, உத்தியோகம்னு எழுதறதான்னு டாக்டருக்கும் தெரியலை.

அடுத்தது பொத்தேரி காலேஜ் ஹாஸ்டல் பையன். கூட்டாளிங்களோட பீச்சுக்கு வந்து, ஒருத்தன் தோள் மேல ஒருத்தன் ஏறி, மேல இருந்து விழுந்தவன் இவன். கிழமை தெரியலை. காலையில என்ன சாப்ட்டேன்னு கேட்டா, காலைன்னா என்னன்ற மாதிரி பார்க்கறான். என்ன படிக்கறேன்னு கேட்டேன், ரொம்ப யோசிச்சான். டார்ச் எடுத்துக் கண்மணி ரெண்டும் ஒரே அளவுல சுருங்குதான்னு பார்க்கறேன். பின்னாடி நின்ன கூட்டாளி என் தோளைத் தட்டினான்: "பயப்படாதீங்க சிஸ்டர், போன செமஸ்டர்லேர்ந்தே இவன் இப்படித்தான்."

காத்தைக் கேளு

கடலுக்குப் போறவங்ககிட்ட கிழமை கேட்டா நேரம்தான் வீண். அவங்களுக்கு நாள் கணக்கெல்லாம் காத்தும் நீரோட்டமும்தான். அதனால எங்க ஆஸ்பத்திரியில நாங்களே ஒரு கேள்வி கண்டுபிடிச்சு வெச்சிருக்கோம்: 'இன்னிக்குக் காத்து எப்படி?' பல்லு உடைஞ்சு வாய் நிறைய ரத்தத்தோட வந்தவங்ககூட இதுக்குச் சரியா பதில் சொல்லிடுவாங்க. பதில் தப்பா வந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். இந்தக் கேள்வி இதுவரைக்கும் எங்களை ஏமாத்தினதில்லை.

இது எப்படி ஆரம்பிச்சதுன்னா, படகு கட்டற கயிறு தட்டி விழுந்த பெரியவர் ஒருத்தர். நான் புதுசா வேலைக்குச் சேர்ந்த சமயம். புஸ்தகத்துல படிச்ச மாதிரியே மூணு தடவை கிழமை கேட்டேன். கட்டில்ல எழுந்து உக்காந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாரு: "கெழம தெரிஞ்சு நான் இன்னா இஸ்கூலுக்கா போவப் போறேன், வாடைக் காத்து எறங்கிடுச்சு, அத்தக் கேளும்மா."

மீன் மேல பழி

தலையில அடிபட்டு மறுபடி மறுபடி வாந்தி எடுத்தா அது கெட்ட அறிகுறி. நம்ம ஜனங்களுக்கு அது பித்தம், இல்லைன்னா கண்ணு பட்டது, இல்லைன்னா சாப்பாடு.

மகாபலிபுரத்துக்குச் சுத்திப் பார்க்க வந்த ஒரு குடும்பம். அப்பா பாறை மேல ஏறி, செல்ஃபியில முழு உருவமும் விழணும்னு பின்னாடி போய்க்கிட்டே இருந்திருக்காரு. முழு உருவமும் விழுந்துடுச்சு. எழுந்து, சிரிச்சு, படமும் எடுத்துக்கிட்டு வந்தவரு கார்கிட்ட வாந்தி. மறுபடியும் வாந்தி. மத்தியானம் மீன் வறுவல் சாப்பிட்டிருக்காங்க. அவ்வளவுதான், தீர்ப்பு ஆயிடுச்சு. தள்ளுவண்டியில மீன் வறுக்கிற அம்மாவையும் கையோட கார்ல ஏத்திக்கிட்டு, 'இந்தம்மா போட்ட மீனாலதான்'னு எங்ககிட்ட கூட்டிட்டு வந்துட்டாங்க.

நான் அவரு தலையைத் தடவிப் பார்த்தா, பின்பக்கம் பெரிய வீக்கம். எப்படி விழுந்தீங்கன்னா, 'எங்க விழுந்தேன்?'னு கேக்கறாரு. அவரு சம்சாரம் அப்பவும், 'மீனு பழசு சிஸ்டர், நீங்க அதைப் பாருங்க'ன்னு நிக்கறாங்க. ஓரமா கரண்டியும் கையுமா நின்ன அந்த மீன்காரம்மா வாயைத் திறந்தாங்க: "ஏம்மா, வறுத்த மீனா எழுந்து வந்து உன் வூட்டுக்காரரைப் பாறையிலேர்ந்து தள்ளி வுட்டுச்சு?"

இங்க இப்ப

இந்த இடத்துல எழுதறதை நிறுத்திட்டு அவரை எழுப்பிப் பார்த்தேன். அடிபட்டவங்க தூங்கலாம், தப்பில்லை, நடுநடுவுல எழுப்பிப் பார்க்கணும். கண்ணைத் திறந்தாரு. 'உங்க பேரு?'ன்னேன். 'ஏழுமலை சிஸ்டர்'ன்னாரு. 'நான் யாரு?'ன்னேன். நல்லா யோசிச்சு, என் யூனிஃபார்மைப் பார்த்து, 'நீங்கதான் சிஸ்டராச்சே'ன்னுட்டுத் திரும்பித் தூங்கிட்டாரு. பதில் தப்புன்னும் சொல்ல முடியாது.

ஓடிப் போய் இந்த வார்டு நர்ஸ்கிட்ட சொன்னேன். சின்னப் பொண்ணு, நல்ல பொறுமை. பி.பி. பார்த்துட்டு, கண்ணுல டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னா. 'வாந்தி இல்லையே, ஒண்ணும் ஆகாதில்ல?'ன்னேன். ஆகாதுன்னா. ரெண்டு நிமிஷம் கழிச்சுப் போய் அதையே கேட்டேன். மறுபடியும் போய் அதையே கேட்டேன். இத்தனை வருஷமா என்னை இப்படிக் கேட்டவங்களையெல்லாம் மனசுக்குள்ள எவ்வளவு திட்டியிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும். அந்தப் பொண்ணு மருந்து ட்ரேயைக் கீழ வெச்சுட்டு என் முகத்தையே பார்த்தா: "மேடம், நீங்களும் அந்த போட்லதான் இருந்தீங்களா?"

எவ்ளோ கொறைப்பீங்க?

இந்த கன்கஷன்ற வார்த்தையே ஒரு வியாதி. 'கன்ஃப்யூஷன்'னு கேக்கறவங்க உண்டு, அவங்களாவது பாதி சரி. 'மூளை அதிர்ச்சி'ன்னு தமிழ்ல சொன்னா, 'ஐயோ, புள்ளைக்கு மூளை போச்சா'ன்னு வாசல்ல விழுந்து அழறாங்க. அதனால டாக்டருங்க இங்கிலீஷ்லயே சொல்லிட்டு நைசா நழுவிடுவாங்க. விளக்கம் சொல்றது நர்ஸ் தலையில விழும்.

மார்க்கெட்ல வாழைத்தாரு தலையில விழுந்த ஒரு பையனைக் கூட்டிக்கிட்டு அவன் அத்தை வந்தாங்க. திருக்கழுக்குன்றம் பக்கம் ஊரு. டாக்டர் பார்த்துட்டு, 'பயப்பட ஒண்ணுமில்லம்மா, கன்கஷன்தான்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதுவரைக்கும் அழுதுக்கிட்டிருந்த அத்தை கண்ணைத் துடைச்சாங்க. முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். நல்லா புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நானும் சந்தோஷப்பட்டேன். பக்கத்துல வந்து, யாருக்கும் கேக்காத குரல்ல கேட்டாங்க: "கன்செஷன்றாரே, மொத்த பில்லுலயுமா, இல்ல ரூமுக்கு மட்டுமா?"

எதிராளி சங்கிலியில ஒரு கை

ஆடி மாசம் வந்தா குப்பத்துக்குக் குப்பம் கபடி. எங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து முதலுதவிக்குன்னு என்னை அனுப்புவாங்க. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடை, ஒரு பெட்டி. கழுத்துல ஒரு சால்வையும் போட்டுடுவாங்க, அதுக்கப்புறம் நான் சொல்றதை ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

ரெய்டு போன ஒரு பையன் மண்டையில எதிராளியோட முழங்கால் நல்லா இடிச்சுது. கீழ விழுந்தான், எழுந்தான், மண்ணைத் தட்டினான், ஜனம் விசில் அடிச்சுது. நான் குடையை மடக்கறதுக்குள்ள ஆட்டம் ஆரம்பிச்சுடுச்சு. பார்த்தா, இந்தப் பக்கம் ஒரு ஆளு குறையுது. எதிராளிங்க கை கோத்துச் சங்கிலி பிடிச்சு நிக்கறாங்க, அந்தச் சங்கிலியில கடைசிக் கை நம்ம பையனோடது. தன் டீம்லேர்ந்து ரெய்டு வர்றவனைப் பிடிக்கறதுக்குக் குனிஞ்சு தயாரா நிக்கறான். பக்கத்துல இருந்தவனும் கையைக் கோத்துக்கிட்டு ஒண்ணும் பேசாம நிக்கறான், வந்த வரைக்கும் லாபம்னு நினைச்சிருப்பான்.

உள்ள போய் அவன் கையைப் பிடிச்சு வெளியில இழுத்துட்டு வந்தேன். இன்னிக்கு இவன் ஆடக் கூடாது, இதே மண்டையில இன்னொரு அடி பட்டா உயிருக்கே ஆபத்துன்னு கேப்டன்கிட்ட சொன்னேன். கேப்டன் என் சால்வையைச் சரி பண்ணி விட்டு, பெரிய மனசோட சொன்னாரு: "வுடுங்க சிஸ்டர், அந்தப் பக்கமே நின்னு ஆடட்டும், அவன் எந்தப் பக்கம் ஆடுறானோ அந்தப் பக்கம் தோத்துடும்."

எதோட அறிகுறி?

வீட்டுக்கு அனுப்பும்போது சம்சாரத்தைக் கூப்பிட்டு என்னென்ன கவனிக்கணும்னு சொல்லி அனுப்புவோம். தலைவலி ஏறிக்கிட்டே போனா, வாந்தி நிக்காம வந்தா, பேச்சு குழறினா, எழுப்பியும் எழுந்துக்கலைன்னா உடனே கூட்டிட்டு வாங்கன்னு சொல்வோம். அதெல்லாம் எல்லாரும் கவனமாக் கேட்டுப்பாங்க. சின்ன அறிகுறிகளைச் சொல்லும்போதுதான் வம்பு.

லாரி கதவு இடிச்சு வந்த ஒரு டிரைவரோட சம்சாரத்துக்கு ஒவ்வொண்ணா சொன்னேன். சொன்னதை உடனே மறந்துடுவாரு. கேட்டதையே கேப்பாரு. காரணமே இல்லாம எரிஞ்சு விழுவாரு. புள்ளைங்க சத்தம் போட்டாத் தாங்காது. ஒரு வேலை சொன்னா பாதியில விட்டுட்டுப் போய் படுத்துப்பாரு. அந்தம்மா எல்லாத்துக்கும் தலையாட்டிக்கிட்டே வந்தாங்க. கடைசியில என்னைப் பரிதாபமாப் பார்த்தாங்க: "சிஸ்டர், நீங்க சொல்றது மண்டையில அடிபட்டவனையா, ஆம்பளைங்களையா?"

வாங்க சிஸ்டர்

அந்தம்மா கேட்ட கேள்வி எனக்கே திரும்பி வந்துடுச்சு. காலையில எங்க வீட்டுக்காரரு போட்டு கரைக்கு வர்ற நேரத்துல பின்னாடியிருந்து ஒரு அலை தூக்கி விட்டிருக்கு. இறங்கிப் போட்டைப் பிடிச்சுக்கிட்டிருந்தவருக்கு அதோட விளிம்பு காதுக்கு மேல இடிச்சிருக்கு. கொஞ்ச நேரம் மண்ணுல குந்தியிருந்தாராம். அப்புறம் எழுந்து, வலையிலேர்ந்து மீனைப் பிரிச்சுட்டு வீட்டுக்கு நடந்துட்டாரு. கூட போற அவரு தம்பி கோதண்டத்தை ஏன்டா எனக்கு ஒரு போன் பண்ணலைன்னு கேட்டா, ரத்தமே வரலையே அண்ணின்றான். நான் எந்த ஊர்ல நர்ஸ் வேலை பார்க்கறேன்னு அப்பதான் நினைச்சுப் பார்த்தேன்.

நைட் டூட்டி முடிஞ்சு யூனிஃபார்மோட வீட்டுக்குள்ள நுழைஞ்சேன். நாற்காலியில நேரா உக்காந்திருந்தாரு. சாதாரணமா நான் உள்ள கால் வெக்கும்போதே, 'இன்னாமே இவ்ளோ நேரம், சோறு எங்க'ன்னு ஆரம்பிச்சுடுவாரு. இன்னிக்கு எழுந்து நின்னாரு. கை கூப்பினாரு. 'வாங்க சிஸ்டர், உக்காருங்க. எங்க வூட்ல அவ இல்ல, டூட்டிக்குப் போயிருக்கா'ன்னாரு.

எரிஞ்சு விழுந்திருந்தா வழக்கம்னு விட்டிருப்பேன். சொன்னதை மறந்திருந்தாலும் வழக்கம்தான். இந்த மனுஷன் எனக்கு எழுந்து நின்னு மரியாதை குடுக்கறதை நான் இன்னும் எந்த அறிகுறிப் பட்டியல்லயும் படிச்சதில்லை. தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு, எங்க பழைய கேள்வியைக் கேட்டேன். 'இன்னிக்குக் காத்து எப்படிங்க?' காத்தை மூக்காலயே மோந்து கடலுக்குப் போலாமா வேணாமான்னு சொல்ற ஆளு. அண்ணாந்து மோட்டுவளையைப் பார்த்து, விருந்தாளிக்கு வசதியா இருக்கணுமேன்ற அக்கறையோட சொன்னாரு: "நல்லா வருது சிஸ்டர், ஃபேன் மூணுல கீது, நாலுல வெக்கட்டுமா?"

இன்னாமே

வெயில் அவரு கால்லேர்ந்து சுவத்துக்கு ஏறிடுச்சு. இந்த வரியை எழுதறதுக்கு முன்னாடி ஒரு பெரிய இடைவெளி. கட்டில் கிரீச்சுன்னு ஒரு சத்தம். நான் நிமிரலை, பயம். நிமிர்ந்து பார்த்தா மறுபடியும் கை கூப்புவாரோன்னு பயம்.

'இன்னாமே, குந்திகினு இன்னா எழுதிகினு கீற?'

பேனா கீழ விழுந்துடுச்சு. எழுந்து போய் அவரு முகத்துக்கு நேரா நின்னேன். தலை வலிக்குதான்னா, லேசா வலிக்குதுன்னாரு. காத்து எப்படின்னு கேட்டேன். ஜன்னலுக்கு வெளியில இருக்கிற வேப்ப மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாரு. 'தெக்கத்திக் காத்து ஏறிகினு கீது. கோதண்டம் போட்டை மேல இழுத்துப் போட்டானா, இல்ல அப்டியே வுட்டுட்டு வந்துட்டானா சோம்பேறி?'ன்னாரு. வார்டு நர்ஸ் பொண்ணு டீ கொண்டு வந்து குடுத்தா. ஒரு வாய் குடிச்சுட்டு, 'இன்னா இது, கழனித் தண்ணி மாதிரி கீது'ன்னு டம்ளரை என் கையில திணிச்சாரு. அந்தப் பொண்ணுக்கு முகம் சுருங்கிப் போச்சு. நான் அவளைக் கட்டிப் பிடிச்சு அழுதேன், அவ என்னையும் ஒரு கட்டில்ல படுக்க வெக்கலாமான்னு யோசிச்சிருப்பா.

டாக்டர் வந்து பார்த்தாரு. தெளிஞ்சுட்டாரு, ஆனா ராத்திரிக்கு இங்கயே இருக்கட்டும், கொஞ்ச நாளைக்குக் கடலுக்குப் போகக் கூடாது, வேலை வெட்டி கூடாதுன்னாரு. வீட்டு வேலை செய்யாம இருக்கறதுல எங்க ஆளுக்கு நல்ல பழக்கம்னு சொன்னேன். டாக்டர் போனதும், எதுக்கும் ஒரு தடவை கேட்டுடலாம்னு கட்டில் ஓரமா உக்காந்து, எல்லா நோயாளிங்ககிட்டயும் கேக்கற அதே குரல்ல, 'நான் யாரு, சொல்லுங்க பார்க்கலாம்'னேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் கேட்டதுல குரல் கொஞ்சம் உடைஞ்சிருக்கும். அவரு என்னை ஒரு மாதிரியாப் பார்த்து, கையை நீட்டி என் உச்சந்தலையைத் தடவித் தடவித் தேடினாரு: "இன்னாமே, உனக்கு எங்கனா மண்டையில அடி கிடி பட்டுச்சா?"

ஆகவே என்னை மாதிரி அவதிப்படற சகோதரிங்களுக்கு நான் சொல்ற ஒரே முதலுதவிக் குறிப்பு: வீட்டுக்காரரு திட்டினா நிம்மதியாப் போய் சோத்தை வடிங்க, எழுந்து நின்னு மரியாதை குடுத்தா உடனே ஒரு ஆட்டோவைக் கூப்பிடுங்க.